‘ஓவியங்களும் அருமை’ என்னும் ஒற்றை வரி

கலிபோர்னியாவின் ஆக்ஸ்நார்ட் நகரில் வளர்ந்த ஹெர்னாண்டஸ் சகோதரர்கள் மூவர், 1981இல் தாங்கள் வரைந்த கதைகளைத் தாங்களே அச்சிட்டு மெல்லியதொரு கறுப்பு வெள்ளை இதழாகக் கொண்டுவந்தார்கள். அதில் ஒரு பிரதியை ‘தி காமிக்ஸ் ஜர்னல்’ என்ற விமர்சனப் பத்திரிகைக்கு மதிப்புரை வேண்டி அனுப்பினார்கள். துணிச்சலான காரியம்தான். அந்தப் பத்திரிகையின் நாக்குக்கு அஞ்சாதவர்கள் காமிக்ஸ் உலகில் அன்று குறைவு. இதழைப் படித்துப் பார்த்த ஆசிரியர் கேரி கிராத், இதை நாமே வெளியிடலாமே என்ற முடிவுக்கு வந்துவிட்டார். மறு ஆண்டு, அந்தப் பத்திரிகையை நடத்திய ஃபேன்டகிராஃபிக்ஸ் பதிப்பகத்தின் பெயரில் ‘லவ் அண்ட் ராக்கெட்ஸ்’ முதல் இதழ் வெளியானது. மதிப்புரைக்கு வந்த ஒரு பிரதி, அமெரிக்கச் சுயாதீன காமிக்ஸின் மிக நீண்ட, மிகச் செழிப்பான தொடர்களில் ஒன்றுக்கு வித்தாகிவிட்டது.

இந்தக் கதையை எல்லோரும் இனிப்பாகத்தான் சொல்கிறார்கள். எனக்கு அதில் ஒரு நெருடலும் உண்டு. விமர்சனப் பத்திரிகையும் பதிப்பகமும் ஒரே வீடு. காலையில் அடுத்தவர் புத்தகத்தைக் கிழித்து எழுதுகிற கை, மாலையில் தன் புத்தகத்தை விற்கிறது. வேறு துறையில் இப்படி நடந்தால் முகம் சுளிப்போம். சுயாதீன காமிக்ஸில் இது கிட்டத்தட்ட இயற்கை. இங்கே விமர்சகர் பந்தியில் உட்கார்ந்து குறை சொல்லும் விருந்தாளியாக இருப்பதில்லை, சமையலறையிலேயே நிற்கிறார். முதல் வாசகர், சில நேரம் முதல் பதிப்பாளர், பல நேரம் தானும் படம் வரைகிறவர்.

‘சுயாதீனம்’ என்ற சொல்லைப் பலரும் ஒரு ரசனையின் பெயராக எடுத்துக்கொள்கிறார்கள்: சோகம், சுயசரிதை, கோணல் மாணலான கோடுகள். உண்மையில் அது உரிமை பற்றிய சொல். அமெரிக்காவின் பெரிய நிறுவனங்களில் கதாபாத்திரம் கம்பெனியின் சொத்து. கதை எழுதுகிறவர், பென்சிலால் வரைகிறவர், மை போடுகிறவர், வண்ணம் தீட்டுகிறவர், எழுத்துப் பொறிக்கிறவர் என்று வேலை கைமாறிக்கொண்டே போகும். சுயாதீன இதழில் பெரும்பாலும் இந்த ஐந்து கைகளும் ஒரே கை, படைப்பின் உரிமையும் அந்தக் கையிலேயே இருக்கும். பெரிய நிறுவனத்துக் காமிக்ஸில் ‘கதை சுமார், ஓவியம் பிரமாதம்’ என்று எழுதினால் அதற்கு ஓரளவு பொருள் இருக்கிறது. இருவர் வேலையை இருவேறாக மதிப்பிடுகிறோம். ஒரே ஆள் யோசித்து வரைந்ததை அப்படிப் பிரித்தால், பாட்டைக் கேட்டுவிட்டு வரிகள் சுமார், தொண்டை நன்றாக இருந்தது என்று சொல்வது போலாகிவிடும்.

விற்பனை முறைக்கும் இதில் பங்கு உண்டு. 1970களின் தொடக்கத்தில் ஃபில் சூலிங் வழியமைத்த நேரடி விற்பனை முறையில், காமிக்ஸ் கடைக்காரர் கூடுதல் கழிவுக்கு இதழ்களை வாங்கிக்கொள்வார், விற்காததைத் திருப்பித் தர முடியாது. சிறு பதிப்பாளருக்கு இது வரம். எத்தனை பிரதி அச்சிட வேண்டும் என்பது முன்கூட்டியே தெரிந்துவிடும். கடைக்காரருக்குத்தான் சூதாட்டம். 1984இல் கெவின் ஈஸ்ட்மனும் பீட்டர் லேர்டும் சுமார் மூவாயிரம் பிரதிகள் மட்டும் அச்சிட்ட நிஞ்ஜா ஆமைகளின் முதல் இதழ் தீயாக விற்றது, பழைய பிரதிகளின் விலை எங்கோ போனது. அதன் பிறகு கறுப்பு வெள்ளையில் எது வந்தாலும் வாங்கிப் பதுக்கினார்கள். ஆமைக்குப் போட்டியாகக் கராத்தே கற்ற வெள்ளெலிகள்கூட வந்தன. வேடிக்கைக்காகச் சொல்லவில்லை, உண்மையிலேயே வந்தன. 1987 வாக்கில் குமிழி உடைந்தது, பல சிறு பதிப்பகங்களும் கடைகளும் அதோடு போயின. நல்ல விமர்சனம் இருந்திருந்தால் இதைத் தடுத்திருக்கும் என்று நான் சொல்ல மாட்டேன். வாங்கியவர்களில் பலர் படிப்பதற்காக வாங்கவில்லை, படிக்காதவரிடம் விமர்சனம் என்ன பேசும்? ஆனால் எது நல்லது என்று பிரித்துச் சொல்லும் குரல் மெலிந்த இடத்தில் விலைச்சீட்டு அந்த வேலையை எடுத்துக்கொள்ளும் என்பதை அந்த மூன்றாண்டுகள் காட்டின. அந்த ஆமைப் பணத்திலிருந்தே பீட்டர் லேர்ட் 1992இல் செரிக் அறக்கட்டளையைத் தொடங்கி, சொந்தமாக வெளியிடும் காமிக்ஸ் கலைஞர்களுக்கு இருபது ஆண்டுகள் நிதி கொடுத்தது தனிக்கதை.

ஜப்பானில் கதை வேறு பாதையில் போகிறது. அங்கே விமர்சகர்கள் சமையலறையில் நின்றதோடு விடவில்லை, சந்தையையே கட்டினார்கள். 1964இல் நாகாய் கட்சுயிச்சி தொடங்கிய ‘காரோ’ மாத இதழ், வணிக இதழ்கள் தொடத் தயங்கிய மாங்காக்களுக்கு, அதாவது ஜப்பானியக் காமிக்ஸுக்கு, இடம் கொடுத்தது. 1967இல் இஷிகோ ஜுன்சோவும் நண்பர்களும் ‘மாங்கா ஷுகி’ என்ற விமர்சனச் சிற்றிதழைக் கொண்டுவந்தார்கள். மாங்காவை மற்றக் கலைகளுக்கு நிகராக வைத்து வாதாடும் எழுத்து அதில் வந்தது. எட்டு ஆண்டுகள் கழித்து, ‘மெய்க்யூ’ என்ற மாங்கா விமர்சனக் குழுவைச் சேர்ந்த யோனேசாவா யோஷிஹிரோவும் தோழர்களும் டோக்கியோவில் ஒரு கூட்ட அரங்கை எடுத்து, தாமே அச்சிட்ட மாங்காக்களை விற்க ஒரு நாள் சந்தை நடத்தினார்கள். நாள் 1975 டிசம்பர் 21. வந்த குழுக்கள் 32, பார்வையாளர்கள் ஏறத்தாழ 700 பேர். அதுதான் கோமிகெட். இன்று சில நாள்களில் லட்சக்கணக்கானோர் கூடுகிற இடம். அதைக் கட்டியவர்கள் வியாபாரிகள் அல்லர், மாங்காவைப் பற்றி எழுதிக்கொண்டிருந்த இளைஞர்கள். நல்ல மாங்கா எது என்று எழுதி எழுதிப் பார்த்தவர்கள், அப்படிப்பட்டது பிறப்பதற்கு ஓர் இடம் வேண்டுமென்று முடிவுசெய்தார்கள்.

இங்கே ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிட வேண்டும். ‘டோஜின்ஷி’ என்றாலே சுயாதீன மாங்கா என்று எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள். சொந்தச் செலவில் அச்சிட்ட இதழ் என்பதே அதன் பொருள். அவற்றில் பெரும்பகுதி, புகழ்பெற்ற தொடர்களின் பாத்திரங்களை எடுத்து ரசிகர்கள் வரைபவை. சொந்தக் கற்பனைக்கு மட்டுமே இடம் தரும் கோமிட்டியா சந்தை 1984இல் தனியாகத் தொடங்கியது. அந்தச் சந்தை வெளியிடும் கையேட்டில் முந்தைய சந்தையில் வாங்கிய இதழ்களைப் பற்றி வாசகர்களே எழுதும் பக்கங்கள் உண்டு. பெரிய வார இதழ்களில் வாசகர்கள் நிரப்பி அனுப்பும் கருத்துக்கணிப்பு அட்டைகள் ஒரு தொடரின் ஆயுளையே தீர்மானிக்கும். சந்தையில் மேசை போட்டு முப்பது பிரதி விற்றுவிட்டு வீடு திரும்புகிறவருக்கு அந்த அட்டையும் கிடையாது. யாரோ முகம் தெரியாத ஒருவர் எழுதிய பத்து வரிதான், தன் பக்கங்கள் இன்னொரு மண்டைக்குள் போய்ச் சேர்ந்தன என்பதற்கு அவருக்குக் கிடைக்கும் ஒரே சான்று.

அப்படிப்பட்ட பத்து வரியில் என்ன எழுதுகிறோம்? இங்கேதான் எனக்குக் கோபம் வருகிறது. எட்டு வரி கதைச் சுருக்கம். ஒன்பதாவது வரியில் பாத்திரங்கள் மனத்தில் நிற்கின்றன. பத்தாவது வரி: ‘ஓவியங்களும் அருமை.’ அந்த ‘உம்’மைப் பாருங்கள். சாப்பாட்டோடு அப்பளமும் இருந்தது என்பது போல. முழுக்க முழுக்கப் படத்தால் ஆன ஒன்றைப் பற்றி எழுதிவிட்டுப் படத்துக்கு ஒரு விகுதியில் நன்றி சொல்லி முடிக்கிறோம். காரணம் எளிது. எழுதுகிறவர்கள் எழுத்தில் பழகியவர்கள். கதையைப் பற்றிப் பேச நமக்கு ஆயிரம் சொற்கள் இருக்கின்றன. வரைந்த ஒரு கோட்டைப் பற்றிப் பேசச் சொற்களைத் தேட வேண்டியிருக்கிறது.

கதைச் சுருக்கம் எவ்வளவு கையாலாகாதது என்பதற்கு ஒரு பழைய சான்று. 1968இல் ‘காரோ’வில் சுகே யோஷிஹருவின் ‘நெஜிஷிகி’ வெளிவந்தது. ஜெல்லிமீன் தீண்டிக் கையில் ரத்தக்குழாய் அறுந்த ஓர் இளைஞன், அறுந்த இடத்தை இன்னொரு கையால் பிடித்துக்கொண்டு கடலோரக் கிராமமொன்றில் மருத்துவரைத் தேடி அலைகிறான். முடிவில் ஒரு பெண் மருத்துவர் குழாயில் திருகு ஒன்றைப் பொருத்துகிறார். அவ்வளவுதான் கதை. இதைச் சொல்லிவிட்டு ‘கனவு போன்ற கதை, ஓவியங்களும் அருமை’ என்று முடித்தால், ஒரு தலைமுறை மாங்கா கலைஞர்கள் ஏன் அதைப் பார்த்து அதிர்ந்தார்கள் என்பது யாருக்கும் விளங்காது. எளிய கோடுகளால் ஆன முகம், அதன் பின்னால் பாரமாக இழைத்து வரைந்த பின்னணி, ஒரு படக்கட்டத்திலிருந்து அடுத்த கட்டத்துக்குப் போக வழியே இல்லாதது போன்ற தாவல் என்று எல்லாம் தாளில்தான் நடக்கிறது. எழுத வேண்டியது அதைத்தான்.

சரி, தாளில் எதைப் பார்ப்பது? முதலில் கட்டங்களுக்கு நடுவே உள்ள வெற்றிடம். ஒரு கட்டத்தில் ஒருத்தி கதவைத் திறக்கிறாள். அடுத்த கட்டத்தில் தரையில் கோப்பை ஒன்று கவிழ்ந்து கிடக்கிறது. நடுவில் நடந்ததை யாரும் வரையவில்லை, வாசகரே வரைந்துகொள்கிறார். காமிக்ஸ் கலைஞர் ஸ்காட் மெக்ளவுட், காமிக்ஸ் கலையைப் பற்றி 1993இல் வெளியிட்ட நூலில் இந்தத் தாவல்களை ஆறு வகையாகப் பிரித்து, எந்தக் கலைஞர் எந்த வகையை எவ்வளவு பயன்படுத்துகிறார் என்று எண்ணிப் பார்த்தார். அமெரிக்க காமிக்ஸில் அரிதாக இருக்கும் ஒரு வகை மாங்காவில் அடிக்கடி வருவதையும் காட்டினார். காலம் நகராது, கண் மட்டும் ஒரே இடத்தின் வெவ்வேறு மூலைகளைத் தொட்டுக்கொண்டு போகும்: ஜன்னல், மழைத்துளி, காலியான நாற்காலி. இதைத் தெரியாமல் மாங்காவை மதிப்பிட வருகிறவர் ‘நடுவில் கதை தொய்கிறது’ என்று எழுதிவிடுவார். அந்த இடத்தில் கதை நின்று மூச்சு விட்டுக்கொண்டிருக்கும். அவருடைய பொறுமைதான் தொய்ந்திருக்கும்.

அடுத்தது பக்கம் திருப்புதல். ஜப்பானிய மாங்கா வலமிருந்து இடமாக ஓடுவதால், விரித்த பக்கங்களின் இடது கீழ் மூலைதான் திருப்பத்துக்கு முந்தைய கடைசிக் கட்டம். தேர்ந்த கலைஞர் கேள்வியை அங்கே வைத்துவிட்டு, பதிலைத் தாளின் மறுபுறத்தில் ஒளித்துவைப்பார். இன்று மதிப்புரைப் பிரதிகள் பெரும்பாலும் பிடிஎஃப் கோப்பாகத்தான் வருகின்றன. அதைக் கைபேசியில் ஒவ்வொரு பக்கமாகத் தள்ளித் தள்ளிப் படித்தவருக்கு எதிரெதிர்ப் பக்கங்கள் ஒன்றையொன்று பார்த்துக்கொள்வது தெரியாது. இரு பக்கங்களில் விரியும் ஒரே படம் நடுவில் அறுந்து இரண்டு துண்டாகிவிடும். திரையில் படித்தேன் என்பதை மதிப்புரையில் ஒரு வரி சொல்லிவிடுவது நேர்மை. திரைக்கென்றே செங்குத்தாக உருளும்படி வரைந்த தொடர்களுக்கு இது தலைகீழ். அவற்றைத் தாளில் வெட்டி ஒட்டினால் அங்கே வேறொரு இழப்பு.

மொழிபெயர்ப்பில் வந்த மாங்காவாக இருந்தால் இன்னொரு அடுக்கும் சேரும். இடமிருந்து வலமாகப் படிக்கிறவர்களுக்காகப் பக்கங்களைக் கண்ணாடிப் பிம்பமாகத் திருப்பி அச்சிடும் வழக்கம் அமெரிக்காவில் நெடுநாள் இருந்தது. 1988இல் வந்த ‘அகிரா’ மாங்காவின் ஆங்கிலப் பதிப்பு பக்கங்களையும் திருப்பி, வண்ணமும் தீட்டி வெளியானது. திருப்பினால் வாள்வீரர்கள் எல்லோரும் இடதுகைக்காரர்களாகிவிடுவார்கள். அதைவிட விபரீதம் கிமோனோ: அதன் மடிப்பு பக்கம் மாறினால், ஜப்பானிய வழக்கில் அது சடலத்துக்கு உடுத்தும் முறை. கல்யாணக் காட்சியில் பிணக்கோலம்! 2002 வாக்கில் டோக்கியோபாப் என்ற பதிப்பகம் பக்கங்களைத் திருப்பாமலே வெளியிட முடிவெடுத்த பிறகு இது மெல்ல வழக்கொழிந்தது. ஒலிச்சொற்கள் மட்டும் இன்னும் தலைவலி. நிசப்தத்துக்கே ஜப்பானிய மாங்காவில் ‘ஷீன்’ என்று ஓர் ஒலிச்சொல் உண்டு. அது படத்தோடு படமாக வரையப்பட்டிருக்கும். அதை அழித்து எழுதுவதா, பக்கத்தில் சிறிதாகக் குறிப்பு வைப்பதா என்பது மொழிபெயர்ப்பாளரும் எழுத்துப் பொறிப்பவரும் எடுக்கும் முடிவு. மதிப்புரையில் அவர்கள் பெயரே வராமல் போவது நம் துறையின் பழைய கெட்ட பழக்கம்.

இனி அந்தக் கஷ்டமான கேள்வி: வரையவே தெரியாதவர் போல வரைந்திருந்தால்? ஜப்பானியர்கள் இதற்கு ‘ஹெட்டா-உமா’ என்று ஒரு பெயரே வைத்திருக்கிறார்கள். ‘ஹெட்டா’ என்றால் கைவராதது, ‘உமா’ கைதேர்ந்தது. கைவராதது போன்ற கைதேர்ச்சி. கிங் டெர்ரி என்ற யூமுரா டெருஹிகோ 1970களில் ‘காரோ’ வட்டாரத்தில் இதை ஒரு பாணியாகவே வளர்த்தார். அப்படியானால் எல்லாக் கோணல் கோடும் கலையா? இல்லை. ‘ஒன்’ என்ற புனைபெயர்க்காரர் 2009இல் இணையத்தில் தொடங்கிய ‘ஒன்-பஞ்ச் மேன்’ தொடரை எடுத்துக்கொள்ளுங்கள். பள்ளிக்கூட நோட்டில் கிறுக்கியது போன்ற உருவங்கள். 2012இல் முராதா யூசுகே என்ற தேர்ந்த ஓவியர் அதே கதையை மறுபடி வரையத் தொடங்கினார். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். முராதாவின் தசையும் தூசியும் வேகமும் கண்ணைப் பறிக்கின்றன. ஆனால் எந்தக் கட்டத்தில் நாயகன் சலித்துப்போன முகத்தோடு நிற்க வேண்டும், எவ்வளவு நேரம் ஒன்றுமே நடக்காமல் விட்டால் சிரிப்பு வரும் என்ற கணக்கு கிறுக்கலிலேயே இருக்கிறது. வரைதல் வேறு, காமிக்ஸாக அடுக்குதல் வேறு. முதலாவதில் தடுமாறி இரண்டாவதில் அசத்துகிறவர்கள் சுயாதீன உலகில் நிறைய பேர். மாறாக, ஒவ்வொரு கட்டமும் தனித்தனியே சட்டம் போட்டு மாட்டலாம், சேர்த்துப் படித்தால் நகரவே நகராது என்ற வகையும் உண்டு. ‘அருமை’ என்ற சொல் இந்த இரண்டையும் ஒரே மூட்டையில் கட்டிவிடுகிறது.

அச்சு பற்றியும் கொஞ்சம் தெரிந்திருக்க வேண்டும். ரிஸோகிராஃப் இயந்திரத்தில் ஒவ்வொரு வண்ணமும் தனித்தனியாக ஏறும், இரண்டாம் வண்ணம் மயிரிழை விலகி உட்காருவது சகஜம். பலர் அதை விரும்பியே அந்த இயந்திரத்தைத் தேர்ந்தெடுக்கிறார்கள். அதைப் பிழை என்று எழுதினால் சிரிப்பார்கள். எழுத்துகள் மடிப்புக்குள் போய் மறைந்துவிட்டால் அது பிழை, சொல்லியே ஆக வேண்டும்.

நட்பு விஷயம் இதையெல்லாம்விடச் சிக்கல். இந்த உலகம் சின்னது. காலையில் எழுதியதை மதியத்துக்குள் கலைஞர் படித்துவிடுவார், அடுத்த விழாவில் இருவர் மேசையும் எதிரெதிரே இருக்கும். அதனால்தான் சுயாதீன காமிக்ஸ் மதிப்புரைகளில் பாதிக்கு மேல் கல்யாண வாழ்த்து மடல் போல இருக்கின்றன. என் கணக்கு இது: முதல் இதழை அரும்பாடுபட்டுக் கொண்டுவந்தவரின் வேலை சரியில்லை என்றால், அதைப் பற்றி எழுதாமல் விடுவது பொய்யாகாது. எழுத உட்கார்ந்துவிட்டு இல்லாததைப் புகழ்வது பொய். நண்பர் என்றால் நண்பர் என்று முதல் பத்தியிலேயே சொல்லிவிடலாம். பெயர் பெற்ற கலைஞர், பெரிய பதிப்பகம் என்றால் தயங்க வேண்டியதில்லை, ஒரு கடுஞ்சொல் அவர்களைச் சாய்த்துவிடாது. நட்சத்திரக் குறிகள் எனக்கு ஒத்துவருவதில்லை. பதினாறு பக்க நகலச்சு இதழுக்கும் நானூறு பக்க நாவலுக்கும் ஒரே ஐந்து நட்சத்திரத் தராசு எப்படிப் பொருந்தும்? முதல் பாகம் மட்டும் வெளிவந்த தொடரை எடைபோடுவதும் இப்படித்தான், கட்டி முடிக்காத வீட்டின் நிலைப்படியில் நின்றுகொண்டு சமையலறை சரியில்லை என்பது.

அமெரிக்காவின் மேரிலாந்தில் 1994 முதல் நடக்கும் சிறு பதிப்பாளர் விழாவில், 1997 முதல் இக்னாட்ஸ் விருது தருகிறார்கள். பரிசு கோப்பை அல்ல, ஒரு செங்கல். ஜார்ஜ் ஹெரிமன் வரைந்த ‘கிரேஸி கேட்’ தொடரில் இக்னாட்ஸ் என்ற எலி பூனையின் தலையில் ஓயாமல் செங்கல் வீசும், பூனை ஒவ்வொரு செங்கல்லையும் காதல் கடிதமாக எடுத்துக்கொள்ளும். விமர்சகர்களும் கலைஞர்களும் கலந்து பழகுகிற ஒரு விழாவுக்கு இதைவிடப் பொருத்தமான பரிசை யாரும் யோசித்திருக்க முடியாது.

ஓவியத்தைப் பற்றி எழுதச் சொல் வரவில்லை என்று தவிக்கிறவர்களுக்கு, ஜப்பானிய விமர்சகர் நட்சுமே ஃபுசனோசுகே ஒரு வழி காட்டியிருக்கிறார். நாவலாசிரியர் நட்சுமே சோசெகியின் பேரன், தானும் படம் வரைந்தவர். 1990களில் மாங்கா மேதை டெசுகா ஒசாமுவைப் பற்றி எழுதும்போது, அவருடைய கட்டங்களைத் தன் கையாலேயே நகல் வரைந்து பார்த்தார். கோடு எந்த ஆண்டில் தளர்ந்தது, எங்கே தடித்தது, கண்ணின் வளைவு எப்போது மாறியது என்று கை கண்டதைத்தான் எழுதினார். நன்றாக வரையத் தெரிய வேண்டும் என்பதில்லை. என் நகல்கள் பார்க்கச் சகிக்காது.

ஒருமுறை ஒரு சிற்றிதழ் மாங்காவைப் பற்றி எழுதும்போது, கடைசிப் பக்கத்தில் அந்தப் பெண் அழுகிறாள் என்று எழுதி முடித்திருந்தேன். பழக்கத்துக்காக அந்தக் கட்டத்தைப் பென்சிலால் நகலெடுத்தேன். அவள் முகத்தில் கண்ணீரே இல்லை. கீழ் இமைக்கோடு மட்டும் விடுபட்டிருந்தது. கட்டத்தின் மேல் பாதி முழுவதும் வெற்றுத் தாள். அழுதது யார் என்று யோசித்துவிட்டு, மதிப்புரையை முதல் வரியிலிருந்து மறுபடி எழுத உட்கார்ந்தேன்.